தட்டினால் சொல்லிவிடும் கல்!

மானாமதுரைப் பானை வாங்குகிறவர் என்ன செய்கிறார்? விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுகிறார். கணீரென்று ஒலித்தால் காசு கொடுக்கிறார். "டொக்" என்று மந்தமாகக் கேட்டால் கீழே வைத்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது!

பானை விரிந்தால் தண்ணீர் ஒழுகும். கல்தூண் விரிந்தால்?

நெருப்பில் வெடித்த தூண்கள்

2018-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி இரவு. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில், கிழக்குக் கோபுரம் அருகே உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன. மேல்தளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கருங்கல் தூண்கள் வெடித்தன.

கல் எரியுமா? எரியாது, வீங்கும்! கருங்கல்லுக்குள் குவார்ட்ஸ் என்ற கண்ணாடி போன்ற மணிகள் இருக்கின்றன. 573 டிகிரி சூட்டில் அவை திடீரென்று பருக்கும். பக்கத்து மணிகள் அந்த அளவு பருக்காது. இரும்பைப் போல வளைந்து கொடுக்கவும் கல்லுக்குத் தெரியாது. பட்டென்று பிளந்துவிடும்.

வெளியே மயிரிழை போலத் தெரியும் கீறல், உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? அறுத்துப் பார்க்கலாம் என்றால், தூணின் தலைமேல் கூரை இருக்கிறதே!

மேலோடு ஓடும் அலை

இதற்கு வழி காட்டியவர் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு. கெட்டியான பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அதிர்வலை ஒன்று உண்டு என்று 1885-ல் அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

கருங்கல்லில் இந்த அலை வினாடிக்குச் சுமார் 3 ஆயிரம் மீட்டர் ஓடும். வினாடிக்கு 30 ஆயிரம் தடவை அதிர்ந்தால், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழம் வரை கல்லை அசைக்கும். 3 லட்சம் தடவை அதிர்ந்தால் 1 சென்டிமீட்டர்தான். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. மேலோடு போகும் அலை கீறலில் மோதித் திரும்பும். ஆழமாகப் போகும் அலை கீறலுக்கு அடியில் நுழைந்து அக்கரை சேரும். எது நின்றது, எது தப்பியது என்று பார்த்தால் ஆழம் தெரியும்.

ஆனால் கருங்கல்லின் மணிகள் அலையைச் சிதறடிக்கும். திரும்பி வருவது ஒரே குழப்பம்! ஆகவே கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்த்தூண் கட்டுகிறார்கள். அதைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் அடுத்ததை எப்படித் தள்ளும் என்று கணக்கிடுகிறார்கள். 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் என்று பொய்க்கீறல் வைத்துப் பொய் அலையை ஓடவிடுகிறார்கள். எந்தக் கீறலின் அலை நிஜத் தூணின் அலையோடு ஒத்துப் போகிறதோ, அதுவே உள்ளே இருக்கும் கீறலின் அளவு. பானை வாங்குகிறவரின் காதிலும் இப்படி ஒரு பழைய கணக்கு இருக்கத்தானே செய்கிறது!

மழைநாளில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கீறலில் நீர் நிறைந்திருந்தால் அலையில் ஒரு பகுதி அதன் வழியே கடந்துவிடும். பெரிய கீறலும் சிறியதாகத் தோன்றும்.