கல்லுப்பள்ளி: ஒரு கல்வெட்டு காத்துத் தந்த வரலாறு

திருச்சி கோட்டை ரயில் நிலையத்தின் அருகே, கல்லால் கட்டிய சிறிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. மக்கள் அதைக் கல்லுப்பள்ளி என்பார்கள். அப்துல்லாஹ் இப்னு முஹம்மது என்பவர் ஹிஜ்ரி 116-இல் கட்டியது என்று அதன் அரபுக் கல்வெட்டைக் கொண்டு வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. தமிழகத்தின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்றாக இதை எண்ணுவதும் அந்தக் கல்வெட்டை வைத்துத்தான்.

ஹிஜ்ரி 116 என்றால் கி.பி. 734. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கு. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அதனால் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் சுமார் 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். 116-ஐ அப்படி மாற்றி, ஹிஜ்ரத் நடந்த 622-உடன் கூட்டினால் 734 கிடைக்கும்.

அப்போது காஞ்சியில் பல்லவ மன்னர் இரண்டாம் நந்திவர்மன் ஆட்சி. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஹிஜ்ரி 150-இல் பிறந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உலகுக்கு வரவே இல்லை. பக்கத்திலுள்ள உறையூர் பழைய சோழர் தலைநகரம். அதன் பருத்தித் துணி கடல் கடந்தும் பேர்பெற்றது. அரபு வணிகர்களின் கப்பல்கள் தமிழகக் கரைக்கு வந்து போன காலம் அது.

பழைய தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் கல்தூண்களும் தட்டையான கற்கூரையும்தான். கோயில் மண்டபம் கட்டிய அதே உள்ளூர்த் தொழில்நுட்பம். குவிமாடமும் மினாராவும் பள்ளிக்குக் கட்டாயம் இல்லை. கிப்லா சரியாக இருந்து, உருவங்கள் இல்லாமல், தொழ இடம் தூய்மையாக இருந்தால் போதும்.

பின்னால் எழுந்த திருச்சிக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்ந்தது. மெயின் கார்டு கேட் வாசல் மிஞ்சியது. அத்தனை பெரிய மதில் போன பிறகும் சின்னப் பள்ளியின் பெயரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. அந்தக் கல்லின் மேல் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் செவிவழிச் செய்திதான் மிஞ்சியிருக்கும்.

இது நம் ஊர்ப் பக்கத்துக்கும் பொருந்தும். பழைய பள்ளியைப் புதுப்பிக்கும்போது டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் கல்வெட்டுகள் மறைகின்றன. மையவாடியை ஒழுங்குபடுத்தும்போது எழுத்துள்ள மீசான் கற்கள் இடம் மாறுகின்றன. ஜமாஅத்தார் கவனிக்க வேண்டியவை:

• வேலை தொடங்கும் முன் தூண், நிலைக்கதவு, மிஹ்ராப், மீசான் கற்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

• எழுத்துள்ள கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், உளி வைக்காதீர்கள். எழுத்தைப் படிக்க மைப்படி எடுப்பதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே இந்தியத் தொல்லியல் துறைக்கு நாக்பூரில் தனிப் பிரிவு உள்ளது.

• வக்ஃப் பத்திரம், பட்டா, வாரியப் பதிவு, பழைய கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலை முத்தவல்லி ஒருவரிடம் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

2025 வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, நெடுங்காலம் தொழுகை நடந்தது என்பதை மட்டும் காட்டி ஓர் இடத்தைப் புதிதாக வக்ஃப் என்று நிறுவ முடியாது. ஆகவே முன்னோர் விட்டுப்போன ஒவ்வொரு எழுத்தும் இன்று ஆதாரம். அல்லாஹ்வின் இல்லத்தைப் பேணுவதில் அதன் எழுத்தைப் பேணுவதும் சேர்ந்ததுதான். அதற்கு அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.