கட்டில், பீரோ வாங்கும் முன்: மரமா, பலகையா, இரும்பா?

நிக்காஹ் நாள் குறித்ததும் நம் வீடுகளில் கட்டில், பீரோ பேச்சு தொடங்கிவிடுகிறது. கடை விளக்கில் எல்லாமே தேக்கு நிறத்தில்தான் மின்னும். ஒன்றின் விலை மற்றொன்றைப் போல் மூன்று மடங்கு ஏன் என்று கேட்காமலே தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தவணை முடியும் முன்பே கட்டில் ஆட்டம் கண்டால் நஷ்டம் பெண்ணைப் பெற்றவருக்குத்தான்.

விலை குறைந்தவை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசையில் கலந்து அழுத்திச் செய்த பலகை. மேலே மரவரி அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். ஈரம் படாமல், ஓரிடத்தில் அசையாமல் கிடந்தால் உழைக்கும். ஆனால் நம்மில் பலர் இருப்பது வாடகை வீட்டில். வீடு மாறும்போது கழற்றிய ஸ்க்ரூ அதே துளையில் மறுபடி இறுகாது, தூள்தான் உதிரும். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலோ, மழைக்குச் சுவரில் ஓதம் ஏறினாலோ அடிப்பாகம் ஊதிவிடும். ஊதியது திரும்ப வற்றாது, ஆசாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. எம்.டி.எஃப். பார்க்க வழுவழுப்பானது, ஆனால் தண்ணீர் விஷயத்தில் அதற்குத் தங்கைதான். கனமாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம், இவையும் கனம்தான்.

கண்டுபிடிப்பது எளிது. இழுப்பறையை வெளியே எடுத்து, தாள் ஒட்டாத ஓரத்தைப் பாருங்கள். சிராய் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு, அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். பிளைவுட்டில் ஸ்க்ரூ பிடிக்கும். அதிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் எம்.ஆர். என்றிருந்தால் சாதாரண அறைக்கு மட்டும். ஓதம் உள்ள வீட்டுக்கு பி.டபிள்யூ.ஆர். கேளுங்கள்.

தேக்கு என்றாலே எல்லாம் ஒன்றல்ல. நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதிதான் கரையானைத் தாங்கும். ஓரத்து வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்கும். அதற்கும் கருப்பு பாலிஷ் ஏற்றி விற்பதுண்டு, ஆகவே பாலிஷ் போடாத அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். கட்டிலுக்குத் தேக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. வேம்பு, பூவரசு, வாகை எல்லாமே நல்ல மரங்கள், காய்ந்த மரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சை மரத்தில் செய்தால் முறுக்கிக்கொள்ளும். எங்களைக் கேட்டால், வாப்பா காலத்துத் தேக்குக் கட்டிலுக்கு பாலிஷ் போட்டுக் கொடுப்பது புதுப் பலகைக் கட்டிலைவிட மேல். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைத் தயங்காமல் பேசலாம்.

இரும்பு பீரோவில் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 22-ஐ விட 20 கெட்டி. கதவைக் கட்டைவிரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். கடற்கரை ஊர்களில் துரு அடியிலிருந்துதான் ஏறும் என்பதால் கட்டை வைத்து உயர்த்தி நிறுத்துங்கள்.

பில்லில் வெறுமனே ‘கட்டில் 1’ என்று எழுத விடாதீர்கள். சட்டம், தலைமாட்டுப் பலகை, மெத்தை போடும் பலகை ஒவ்வொன்றும் எதில் செய்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.