எடைக்குப் போகவிருந்த வாஷிங் மெஷின்

கரக்பூர் ரயில்வே காலனியில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 2017 முதல், எடைக்குப் போகும் துணி துவைக்கும் இயந்திரங்களை வாங்கிச் சீராக்குவது என் பொழுதுபோக்கு. இதுவரை ஏழு. ஆறு, எண்பதுகளின் கடைசியில் நம் நாட்டில் பரவிய இரட்டைத் தொட்டி ரகம். ஏழாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2019-இல் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா கிளம்பியது. பின்கட்டில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று. விலக்கிப் பார்த்தால் நாலு காலில் நிற்கும் சதுர அலுமினியத் தொட்டி. மேலே கரும்புச்சாறு மெஷின் போல இரண்டு ரப்பர் உருளைகள். முகப்பில் 'மேடேக்' என்ற பெயர்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து நியூட்டன் என்ற ஊரின் கம்பெனி அது. தொட்டியின் அடியில் இறக்கை வைத்துத் தண்ணீரைக் கலக்கும் முறையை 1922-இல் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்குப் பெட்ரோல் எஞ்சின் வைத்தும் விற்றார்கள். ஸ்கூட்டர் போலக் காலால் உதைத்துக் கிளப்பித் துணி துவைக்க வேண்டும்! உருளை வைத்த ரகம் 1983 வரை உற்பத்தியில் இருந்தது. 1944-இல் அமெரிக்க விமானப்படையின் 20-ஆவது பாம்பர் கமாண்டுக்கு கரக்பூரில்தான் தலைமையகம். அவர்கள் விட்டுப்போன சாமான் இது என்று அந்த வீட்டார் சொன்னார்கள்.

இறக்கை தண்டோடு இறுகிக் கிடந்தது. சுத்தியலைத் தொட மனம் வரவில்லை. தண்டு எஃகு, இறக்கை அலுமினியம். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தினமும் கொதிநீர் ஊற்றினேன். பதினோராம் நாள் 'டொக்' என்று கழன்றது. வெடித்துப்போன உருளைகளுக்கு, அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் போடும் ஹௌரா கடையில் புது ரப்பர் போட்டாயிற்று.

சறுக்கியது மோட்டாரில். பெயர்த்தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருந்தது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை 115-ஆகக் குறைத்தேன், சைக்கிளை மறந்தேன். சைக்கிள் ஆறுக்கு ஐந்தாகக் குறைந்தால் வோல்ட்டும் அதே கணக்கில் 96-க்கு இறங்க வேண்டும். இல்லையேல் சுருள் அதிகக் கரண்டை இழுத்துச் சூடேறும். இருபது நிமிஷத்தில் புகை வந்தது. முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிகளின் விளக்கும் விசிறியும் பார்த்த டிப்ளமோக்காரன் நான்!

"ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பார்த்தீங்களா?" என்றாள் என் மனைவி.

கருகிய மோட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, 1440 சுற்றுள்ள நம் நாட்டு மோட்டாரைப் பூட்டினேன். பழையது 1725. அதை ஈடுகட்ட, மோட்டார் புல்லியைச் சற்றுப் பெரிதாகக் கடைந்தேன். அசல் போயிற்றே என்று சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கலாம். ஓடாத அசலைவிட ஓடுகிற கலப்படம் எனக்குப் போதும்.

முதலில் துவைத்தது என் கடைசி பாய்லர் சூட். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரீஸும் பாட்டரி ஆசிடும் படிந்த என் உடைகளை முப்பது வருஷத்துக்கு மேல் கையால் கசக்கியவள் அவள். 1992-இல் கையில் பணம் இருந்தபோது வாஷிங் மெஷின் கேட்டாள். "கையால் துவைத்தால்தான் அழுக்கு போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் கலர் டி.வி. வாங்கினேன். இப்போது அவளுக்கு இரண்டு மணிக்கட்டிலும் வலி.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். உருளை விரலையும் விடாது, தலைப்பையும் விடாது. மாட்டிக்கொண்டால் அழுத்தத்தை விடுவிக்கும் கம்பியை நாலு முறை தட்டிக் காட்டினேன். அவளே சூட்டை உள்ளே கொடுத்தாள். மறுபக்கம் பலகை போல வந்தது. தொட்டியில் கரிய தண்ணீர் கொட்டியது.

"இதெல்லாம் நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்தது."

மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து போட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் துவையல் என் பொறுப்பு. மாடியில் கொண்டுபோய் உலர்த்துவதும்தான்.

கொல்கத்தா, டாட்டாநகர் அன்பர்கள் வீட்டுப் பரணில் பழைய மெஷின் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரட்டைத் தொட்டிகளுக்கு டைமர் கிடைக்காமல் திண்டாடுகிறேன்.