மார்கழிக் காலையில் கார் மக்கர்! பழி குளிர் மீது; வேலையைக் காட்டியது சித்திரை வெயில்

அருப்புக்கோட்டை:

விடிகாலை 4½ மணி. கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றிய வேன் தெருமுனையில் நிற்கிறது. டிரைவர் சாவியைத் திருகுகிறார்.

"கடக்... கடக்..." அவ்வளவுதான்!

"என்னண்ணே, செல்ப் எடுக்கலையா?"

"குளிரு தம்பி! இன்ஜின் விறைச்சுப் போச்சு. வந்து ஒரு கை கொடு!"

நாலு பேர் கூடித் தள்ளுகிறார்கள். மார்கழியில் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. பனியில் பூ வரத்து குறையும். அதனால் விலை ஏறும். அந்த நேரம் பார்த்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் நஷ்டம் யாருக்கு? வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எல்லோரும் குளிரைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் உண்மைக் குற்றவாளி அது அல்ல.

இது ஒரு குளிரா?

மதுரை வட்டாரத்தில் மார்கழி, தை விடிகாலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். மனிதனுக்கு மப்ளர் வேண்டியிருக்கலாம். இன்ஜினுக்கு இது சுகமான பருவம்! சொல்லப்போனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 40 டிகிரி வெயிலில் ஓடும் இன்ஜினைவிட 20 டிகிரியில் ஓடும் இன்ஜினுக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கிறது. "ராத்திரியில வண்டி பறக்குதுப்பா" என்று டிரைவர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

குளிர் இன்ஜினைக் கெடுக்காது என்பதில்லை. கடும் குளிரில் ஆயில் பாகு மாதிரி இறுகும். பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதற்காகத்தான் பழைய அம்பாசடரில் 'சோக்' குமிழ் இருந்தது. அதிகமாக இழுத்தால் பிளக் நனைந்து, வண்டி அடியோடு படுத்துவிடும். அந்த அம்பாசடரின் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது. இப்போதைய கார்களில் இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

டீசல் சங்கதி வேறு. லடாக்கில் சாதாரண டீசல் குளிரில் மெழுகு போல உறைந்துவிடும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலையே அங்கு அனுப்பியது. பந்தல்குடிக்கும் காரியாபட்டிக்கும் அந்தக் கவலை இல்லை.

ஆயில் டப்பாவில் '20W-40' என்று போட்டிருக்குமே, அந்த W என்றால் விண்டர், அதாவது குளிர்காலம். 20W ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்து, இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். அதையே தாங்கும் ஆயில், அருப்புக்கோட்டைப் பனிக்கு விறைத்துப்போகுமா?

கொன்றது யார்?

சந்தேகம் நேராக பேட்டரி மீது போகிறது. இங்கேதான் சித்திரை, வைகாசி மாதங்கள் வருகின்றன.

கரிசல் காட்டு வெயில். நிழலுக்கு வேலிக் கருவேலைத் தவிர ஒன்றுமில்லை. பானட்டுக்குள், கொதிக்கும் இன்ஜின் பக்கத்தில் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஈயத் தகடுகள் அரிக்கும். சூடு சுமார் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு.

அப்புறம் ஏன் கோடையிலேயே சாகவில்லை? வெயிலில் பேட்டரியின் ரசாயன வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஆயிலும் இளகியிருக்கும். அதனால் அரை உயிர் பேட்டரிகூட வண்டியைக் கிளப்பிவிடும். மார்கழி வந்ததும் அந்தச் சலுகை போய்விடுகிறது. லேசான குளிர் போதும், குட்டு உடைந்துவிடும்.

போர் தண்ணீர் செய்யும் கொடுமை

பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அது தெரியாதவர் இல்லை. ஆனால் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் என்று கிடைத்ததை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பந்தல்குடி பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் என்பது ஊரறிந்த விஷயம். குடத்தில் வெள்ளையாகப் படியும் அந்த உப்பு பேட்டரித் தகட்டை விட்டுவைக்குமா?

ரேடியேட்டருக்கும் அதே கதிதான். "நம்ம ஊர்ல என்ன ஐஸா கட்டுது? கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். கூலன்ட் உறையாமல் மட்டும் காப்பதில்லை. கொதிநிலையை உயர்த்தும், துருப்பிடிக்காமலும் காக்கும். இந்த வறண்ட சீமைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்! உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வண்டி கொதிக்கும்.

உடனே ஒரு கைவைத்தியம்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு!"

இது மகா தவறு. தெர்மோஸ்டாட் ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சுமார் 80, 90 டிகிரி சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும். அதைக் கழற்றினால் மார்கழிக் காலையில் இன்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும். எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். தேய்மானமும் ஏறும். இந்த ஊர் இன்ஜின் உண்மையிலேயே 'குளிரால்' கெடுவது இப்படித்தான். அந்தக் குளிரை ஸ்பானர் கொண்டு உண்டாக்கியவர்கள் மனிதர்கள்!

ஸ்டார்ட் செய்துவிட்டுப் பத்து நிமிடம் உறுமவிடும் பழக்கமும் வீண்தான். அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் சரி.

கொடைக்கானலில் மாட்டிக்கொள்வார்கள்

அரை உயிர் பேட்டரியோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிறவர்கள்பாடு பெரும் பாடு. 2,000 மீட்டருக்கு மேலே காற்று இளைத்திருப்பதால், டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறையும். இரவில் குளிர் சுழியத்தை நெருங்கினால் நல்ல பேட்டரியே மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத்தான் தரும். நோஞ்சான் பேட்டரி என்ன தரும்? காலையில் லாட்ஜ் வாசலில் "கடக்... கடக்..." சத்தம்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் தள்ளியும் கிளப்ப முடியாது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்துவிட்டு, காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றியும் நிற்காமல் இறங்கினால், அல்லது செல்ப் அடிக்கும்போது 9½ வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ஆள் தேறமாட்டார். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையையும் பச்சையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து இறுக்கினாலே சில வண்டிகள் ஒழுங்காகக் கிளம்பிவிடும். பட்டறையில் ஐந்து நிமிட வேலை. ஐப்பசி மழை விட்டதும் பார்த்துவிட்டால், மார்கழியில் தெரு ஜனங்கள் தூக்கம் கெட்டு வண்டி தள்ள வேண்டியிருக்காது.