அரிக்கமேடும் நமது கடமையும்

அயல்நாடுகளுக்கு யாத்திரை செல்லும் தமிழர் இக்காலத்தில் மிகுந்துவிட்டனர். மத்தியதரைக் கடலோரத்து அலெக்ஸாந்திரியா, ஆஸ்தியா, லெப்திஸ் மாக்னா முதலிய பழந்துறைமுகங்களைக் கண்டு, ரோமாபுரியார் நாட்டிய தூண்களின் முன் நின்று வியந்து திரும்புகின்றனர். இதை நாம் குறைகூற வரவில்லை. உலகத்தைக் காண்பது அறிவுக்கு அழகே. ஆயினும், அந்தக் கடலோரத்தில் ஜாடிகளில் அடைக்கப்பட்ட மதுவும் எண்ணெயும் வந்து இறங்கிய துறையொன்று நமது கடற்கரையிலேயே இருக்கிறது. அதனைக் கண்டவர் எத்தனை பேர்? கண்டவரிலும் அதன் பொருளை உணர்ந்தவர் எத்தனை பேர்? இவ்விரு வினாக்களும் நமது சிந்தனைக்குரியவை.

அத்துறையின் பெயர் அரிக்கமேடு. புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், காக்காயன்தோப்பு என்னும் கிராமத்தில், அரியாங்குப்பத்து ஆற்றின் வலக்கரையில் அம்மேடு கிடக்கிறது. ஆறு கடலிற் கலக்குமிடத்தில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. நாம் அங்குச் சென்றபோது கண்டவை மாமரங்களும் தென்னைகளும், அசைவற்ற உப்பங்கழி நீருமே. செங்கல்லாலான இடிபாடொன்று உயர்ந்து நிற்கிறது. வருவோர் பலர் அதுவே ரோமானியர் கட்டிடம் என்றெண்ணிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர். அதுவோ 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் கட்டிய மடத்தின் எச்சம். பழைய பட்டினம் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டிப் பார்த்த குழிகளையும் பாதுகாப்பின்பொருட்டு மூடிவிட்டனர். தூண்களை எதிர்பார்த்துச் செல்வோர்க்கு இங்கே ஏமாற்றமே கிட்டும்.

இம்மேடு வெளிப்பட்ட வரலாறே நமக்கு ஒரு பாடம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வான நூலறிஞர் லெ ஜாந்தீல், கிராமத்தார் ஆற்றங்கரையிலிருந்து பெரிய பழங்கற்களைப் பெயர்த்து எடுத்துச் செல்வதைக் கண்டு எழுதிவைத்தார். அதன்பின்னும் கற்கள் போய்க்கொண்டேயிருந்தன. 1937-ஆம் வருஷத்தில் பேராசிரியர் ழூவோ துப்ரேய், கிராமத்துச் சிறுவர் பொறுக்கிவைத்திருந்த மணிகளை விலைக்கு வாங்கினார். அகஸ்டஸ் சீஸரின் தலையென்று அவர் கருதிய உருவம் செதுக்கிய கல்லொன்றும் அவருக்கு அகப்பட்டது. பின்னர் முறையான பயிற்சியில்லாதோர் சிலர் அங்குமிங்கும் தோண்டினர். கிடைத்த பொருள்களிற் சில ஹனோய் நகரம் வரை சென்றன. 1945-ல், இந்தியப் புதைபொருள் இலாகாவின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர், அப்போது பிரெஞ்சு ஆதீனத்திலிருந்த அம்மண்ணில் முறைப்படி அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை காஸால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் தலைமையில் ஒரு குழுவினரும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

வீலர் கண்டவை யாவை? ஆற்றங்கரையில் சுமார் 150 அடி நீளமுள்ள பண்டகசாலையொன்று, செங்கல் தொட்டிகள், மத்தியதரை நாட்டு மது ஜாடிகளின் உடைந்த துண்டுகள், இத்தாலியின் அரெத்தியம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும், குயவன் முத்திரையிட்ட சிவந்த மெருகுப் பாத்திரங்கள். இப்பாத்திரங்களின் காலம் ஐரோப்பாவில் முன்னரே திட்டமாய்த் தெரிந்திருந்தமையால், தென்னாட்டுச் சரித்திரத்துக்கு உறுதியான ஒரு காலக்குறி கிடைத்தது. இதற்காக வீலருக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவர் அளித்த தீர்ப்பு மற்றொரு விஷயம். மேனாட்டார் தொடர்பாலேயே ஒரு மீன்பிடி கிராமம் வாணிகத் துறையாக உயர்ந்தது என்பது அவருடைய கருத்தின் சாரம். பிற்கால ஆராய்ச்சி இத்தீர்ப்பை நிலைநிறுத்தவில்லை. ரோமானியர் சரக்கு வருமுன்பே அங்கு மக்கள் குடியிருந்து தொழில் நடத்தினர் என்பதும், அவ்வாணிகம் ஒடுங்கிய பின்னும் பல நூற்றாண்டுகள் ஊர் அழியாதிருந்தது என்பதும் விளங்கின. உட்புறத்தில் புள்ளி வரிசைகளை வட்டமாய்ப் பதித்த மெல்லிய தட்டுகளை வீலர் மேனாட்டுப் பண்டமென்று கருதினார். களிமண்ணைச் சோதித்தபோது அவை இந்நாட்டிலேயே செய்தவை என்று தெரியவந்தது. அதே வகைத் தட்டு வங்காளம், இலங்கை, பாலித்தீவு முதலிய இடங்களிலும் கிடைத்துள்ளது. அரிக்கமேட்டுத் தொழிலாளர் கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, சிறு மணிகளாக்கும் வித்தையில் வல்லவராயிருந்தனர். அவ்வகை மணிகள் கீழ்க்கடல் நாடுகளெங்கும் பரவின. ஆகவே, இது ரோமானியர் குடியேறி அமைத்த நகரமன்று. நம்மவர் நடத்திய துறை. ரோமானியர் அதற்கு வாய்த்த வாடிக்கைக்காரர்களுள் ஒரு சாரார்.

மறுகரையின் சாட்சியத்தையும் கேட்போம். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குஸைர் என்னுமிடத்தில், கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்திற் கீறிய ஓடுகள் கிடைத்தன. ‘பானை உறி’ என்னும் பொருள்பட எழுதிய ஓடும் அங்கு அகப்பட்டது. எழுத்தறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைப் படித்துரைத்தார். பெரெனிகே என்னும் மற்றொரு துறையில், ஆலய முற்றத்தில் புதைத்திருந்த இந்திய ஜாடியில் சுமார் 7½ கிலோ மிளகு 1999-ல் வெளிப்பட்டது. அங்கிருந்து சரக்கு ஒட்டகத்தின்மேல் நைல் நதிக்கும், நதிவழியே அலெக்ஸாந்திரியாவுக்கும் சென்றது. வியன்னா நகரில் காக்கப்பட்டு 1985-ல் வெளியான பாப்பிரஸ் ஏடொன்று, முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய கடன் பத்திரம். ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த நறுமணத் தைலப் பொருளும் தந்தமும் துணியும் அதிற் கணக்கிடப்பட்டுள்ளன. அச்சரக்கின்மீது ரோமானிய சர்க்கார் நாலில் ஒரு பங்கைச் சுங்கமாக வாங்கிற்று.

இந்தியா வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறதென்று, கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்தோடுவதைக் கணக்கிட்டுக் காட்டத் தாதாபாய் நௌரோஜி தோன்ற வேண்டியிருந்தது. தமிழருக்கு வாணிகமும் கடலும் ஒவ்வா என்று ஏளனம் செய்த நாளில், 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய சிதம்பரம் பிள்ளையவர்கள், புதியதொரு துணிச்சலைப் புரிந்தவர் மட்டுமல்லர். பழைய உரிமையொன்றைப் புதுப்பித்தவருமாவார்.

இங்கே நம்மவருக்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். செங்கடலில் நாலு ஓடு கிடைத்தமையால் ரோமாபுரியையே தமிழர் ஆண்டனர் என்று மேடையேறி முழங்குவது வழக்கைக் கெடுக்கும் வேலை. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாமும் சொல்லவேண்டும். நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி எதற்கு?

“மலையடிவாரத்தில், கடலையே காணாது வாழும் எங்களுக்கு இதனால் ஆவதென்ன?” என்று தேவதானத்து அன்பர் கேட்கலாம். தேவதானம் என்ற சொல்லே கோயிலுக்கு விட்ட நிலத்தைக் குறிக்கும் சாஸனச் சொல்லாயிற்றே! ஊரின் பெயரிலேயே பழைய தர்ம ஏற்பாட்டின் சுவடு இருக்கிறது. நூற்பாலைகள் மிகுந்த இராஜபாளையத்தார்க்கும் இதிற் பங்குண்டு. அக்காலத்துக் கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூல், நமது கடற்கரையின் மெல்லிய துணியைச் சிறப்பித்துக் கூறுவதோடு, அரிக்கமேடென்று அறிஞர் பலரும் கொள்ளும் பொதுகா என்ற துறையையும் குறிக்கிறது. வைகை கடலிற் கலக்குமிடத்து அழகன்குளத்திலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ளன. நம் பக்கத்தில் ஏர் முனையிலும் கிணற்று வெட்டிலும் எது அகப்படும் என்று யார் அறிவார்?

அகப்படும்போது செய்யவேண்டியது யாது என்பதை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணின் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்ததென்பதே பழம்பொருளின் வாக்குமூலம். அதைப் பிடுங்கி எடுத்தால் ஓடு வெறும் ஓடாகும். காசு தட்டானின் மூசைக்குப் போகும். சட்டத்துக்கு அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் கண்டெடுத்தவனுக்குப் பகையன்று. 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுத்தால் அறிவிக்கவேண்டுமென்று அது விதிக்கிறது. உரியவர் இல்லையென்று தீர்ந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குடையவனுக்குக் கால் பங்கும் அளிக்கிறது. சர்க்கார் எடுத்துக்கொள்வதாயின், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவேண்டும். அறிவிக்காது ஒளித்தவனோ தன் பங்கை இழந்து, தண்டனைக்கும் ஆளாவான். இவ்விவரத்தைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்வது தேசத் தொண்டர்களுக்கு ஏற்ற பணி.

பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணாக்கரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றால், கடற்கரையோடு திரும்பிவிடாது, பொருட்காட்சிசாலையிலுள்ள ஜாடித்துண்டுகளையும் மணிகளையும் முதலிற் காட்டி, அதன்பின் அரிக்கமேட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்டதைக் கண்டவாறு குறித்துவர அவர்களைப் பழக்குங்கள். ஆனால் ஒரு சிறு ஓட்டையும் எடுத்துவர விடாதீர்கள். செங்கல்லென்று கருதி நம் முன்னோர் பெயர்த்துச் சென்றவை நமது சொத்தின் மூலப்பத்திரங்கள். எஞ்சியிருக்கும் ஏடுகளையேனும் காப்பாற்றுவது நம் தலைமுறையின் பொறுப்பு.