அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்: எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது?

"வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தர வேண்டும். குறைந்த செலவில் எது நல்லது?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த ப்ராசசர், எத்தனை ஜிபி ரேம் என்றுதான் பேச்சு தொடங்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித் தொடங்கியவன்தான். அதன் பலனை என் அம்மா அனுபவித்தார்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில் உள்ளது. அம்மா அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வருகிறார். 14 பேரின் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் அதில் அடங்கும். 2016-ல் இன்ஜினியரிங் படிக்கும்போது நானே பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியை கேம் விளையாடுவதற்காக கிராபிக்ஸ் கார்டில் போட்டேன். பவர் சப்ளை கேபினெட்டோடு இலவசமாக வந்தது. யூபிஎஸ் வாங்கவே இல்லை.

நான் சாப்ட்வேர் வேலைக்காகச் சென்னை வந்த பிறகு அதை அம்மா பயன்படுத்தத் தொடங்கினார். நோட்டை நிறுத்திவிட்டு, குழுவின் கணக்கை எக்செலில் ஏற்றினார். ஒரு நாள் மாலை மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அன்றோடு ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. வேறு காப்பி கிடையாது. 14 பேரின் பாஸ் புத்தகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று வாரம் உட்கார்ந்து கணக்கைத் திரும்ப எழுதினார். ஒருவருடைய இரண்டு தவணைகள் பாஸ் புத்தகத்தில் பதியாமல் விட்டுப் போயிருந்தன. கட்டியதாக அவர் சொன்னார். அம்மாவுக்கு நினைவில்லை. அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்து போட்டார். "ஏம்ப்பா, நோட்டுல எழுதியிருந்தா கரண்டு போனாலும் இருந்திருக்குமே" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்.

அண்மையில் அவருக்குப் புதிய கம்ப்யூட்டர் தேர்வு செய்தபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். நான் பக்கத்தில் இல்லாத நாளிலும் அது பத்திரமாக ஓட வேண்டும். எனவே வேகத்தில் குறைக்கலாம். மின்சாரம், தகவல் பாதுகாப்பு, திரை ஆகிய மூன்றிலும் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம்.

ப்ராசசர், மதர்போர்டு: இங்கே குறைக்கலாம்

முதலில் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவின் பட்டியல் இதுதான்: கணக்கு, தமிழில் கடிதம், செய்தி படிப்பது, யூடியூப், வீடியோ கால். இவற்றுக்கு விலை உயர்ந்த ப்ராசசர் தேவையில்லை. நான் எடுத்தது இன்டெல் ஐ3-12100. இதில் நான்கு கோர்கள் உண்டு. கிராபிக்ஸ் வசதி ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கினால், தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. ஏ.எம்.டி. ரைசன் 5000 வரிசையில் இதற்கு நேர்மாறு. அங்கே 5600ஜி போலப் பெயரின் எண்ணுக்குப் பின் 'ஜி' உள்ளவற்றில்தான் கிராபிக்ஸ் இருக்கும்.

மதர்போர்டு எச்610 வகை. இதில் டி.டி.ஆர்.4 ரேம் போடும் மாடலும் உண்டு, டி.டி.ஆர்.5 போடும் மாடலும் உண்டு. ஒன்றின் ரேம் மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. எஸ்.எஸ்.டி. பொருத்த எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறை கம்ப்யூட்டரை வாங்கினால் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். பணக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டரில், பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரேம், எஸ்.எஸ்.டி.

ரேம் 8 ஜிபி போதும். 2025-ன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், தேவைக்கு மேல் வாங்குவது வீண் செலவு. ஒரே 8 ஜிபி ரேமாகப் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டேன். பின்னால் தேவைப்பட்டால் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அவற்றின் மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை நகர்ந்து படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தகவலைத் தேடி முனை நகர வேண்டியதில்லை என்பதால் விண்டோஸ் சில நொடிகளில் திறந்துவிடும். புதியவர்கள் 'வேகம்' என்று உணர்வது பெரும்பாலும் இதைத்தான். 256 ஜிபி அம்மாவுக்குத் தாராளம். ஆனால் எஸ்.எஸ்.டி. பழுதானால் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடக் கூடும். தகவலை மீட்பதும் கடினம். எனவே எஸ்.எஸ்.டி. இருக்கிறது என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்., யூபிஎஸ், எர்த்: இங்கே குறைக்கக் கூடாது

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.-ல் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாமல் பக்கத்தில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 15 ஆம்பியர் என்றிருந்தால், 12 x 15 = 180 வாட்தான் முக்கிய பாகங்களுக்குக் கிடைக்கும். '80 ப்ளஸ்' முத்திரை உள்ளதை வாங்குங்கள். இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பாகங்களுக்குத் தரும் என்பது அதன் பொருள். மீதிதான் வெப்பமாக வீணாகும். திருச்சி வெயிலில் இது முக்கியம்.

யூபிஎஸ் 600 வி.ஏ. போதும். அதை அப்படியே 600 வாட் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். இந்த கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதில் பாதிகூட இழுப்பதில்லை. வேலையை சேவ் செய்து நிறுத்த வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். லேசர் பிரின்டரை யூபிஎஸ்-ல் இணைக்காதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.-ன் உள்ளே இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியே இறங்க வேண்டும். வழி இல்லாவிட்டால் அது கேபினெட்டில் நிற்கும். எங்கள் பழைய வீட்டில் அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் வயரே போகவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரி செய்த பிறகுதான் புதிய கம்ப்யூட்டரை இணைத்தேன்.

மானிட்டர், கீபோர்டு

பெரியவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது மானிட்டரைத்தான். 24 அங்குல ஐ.பி.எஸ். திரை, 1920 x 1080 அளவு எடுத்தேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலை 125 சதவீதமாக வைத்தேன். தமிழில் ஒரு புள்ளி தெரியாமல் போனாலே சொல் மாறிவிடும். சிறிய திரையில் சிறிய எழுத்தில் படித்தால் கண் நோகும்.

தட்டச்சுக்கு 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறை நல்லது. உயிர் எழுத்துகள் இடது கைக்கும், மெய் வரிசைகள் வலது கைக்கும் வரும். 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 எழுத்துகளைப் பழகினால் 247-ம் வந்துவிடும். விண்டோஸ் 11-லேயே இந்த கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில பாகங்கள் விலை குறையலாம். ஆனால் மானிட்டரோ யூபிஎஸ்ஸோ பழுதானால் அம்மா அதைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வர முடியாது. எனவே அந்த இரண்டையும் உறையூரை ஒட்டிய தில்லைநகரில் வாங்கினேன். பில் இல்லாமல் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான் வாரன்டி கேட்க முடியும்.

மொத்தச் செலவை 100 ரூபாய் என்று வைத்தால், நான் பிரித்தது ஏறக்குறைய இப்படி: ப்ராசசர், மதர்போர்டு 40, மானிட்டர் 20, ரேம், எஸ்.எஸ்.டி. 20, கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். 10, யூபிஎஸ், கீபோர்டு, மவுஸ் 10. சாப்ட்வேருக்கு, விண்டோஸ் லைசென்ஸ் தவிர வேறு செலவில்லை. கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம்.

கடைசி வேலை

கம்ப்யூட்டரை ஒப்படைத்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். ஒரு ஒத்திகை பாக்கி இருக்கிறது. அம்மா கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டே மெயின் சுவிட்சை நிறுத்தினேன். யூபிஎஸ் 'பீப்' என்று கத்தியது. "பதறாதீங்கம்மா. முதலில் கண்ட்ரோல், எஸ். அப்புறம் ஷட் டவுன்" என்றேன். மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்றாவது முறை நான் வாய் திறக்கவில்லை.

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு விதி உண்டு. மூன்று காப்பி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. குழுக் கூட்டம் முடிந்ததும் அம்மா பைலை பென் டிரைவில் காப்பி செய்து குழுத் தலைவியின் வீட்டில் கொடுத்துவிடுகிறார். கூகுள் டிரைவுக்கு அது தானாகவே போய்விடுகிறது.

இன்றும் அம்மா ஒவ்வொரு வரவையும் முதலில் நோட்டில்தான் எழுதுகிறார். நான் தடுப்பதில்லை. அதுவும் ஒரு காப்பிதான். கரண்டு போனாலும் இருக்கும்.