27 சாவி போட்டால்தான் திறக்கும் கதவு!

யூரோ நோட்டு கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வரைபடத்தோடு பொடிப்பொடியாகச் சில நிலத்துண்டுகளும் அச்சாகியிருக்கும். அதில் ஒன்று ரீயூனியன்! மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். பிரான்ஸின் பகுதி என்பதால் அந்த மண் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவும் அப்படித்தான்!

இப்போது மொராக்கோவுக்கு வாருங்கள். ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகலான இடத்தில் ஸ்பெயினிலிருந்து வெறும் 14 கிலோமீட்டர். 1987இல் மன்னர் இரண்டாம் ஹசன் ஒன்றியத்தின் அன்றைய வடிவத்தில் சேர விண்ணப்பித்தார். ஐரோப்பிய நாடு அல்ல என்று மறுத்துவிட்டார்கள். ஆசியாவின் மேற்கு ஓரத்தில் கிடக்கும் சைப்ரஸோ 2004இல் உறுப்பினராகிவிட்டது!

இதையெல்லாம் யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? வாங்க, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்து பார்த்துவிடலாம்.

முதலில் ஐரோப்பிய ஆணையத்தின் பெர்லேமாண்ட் கட்டடம். சேர விரும்பும் நாட்டின் சட்டங்கள் ஆணைய அதிகாரிகளின் கையில் ஒவ்வொன்றாக அலசப்படுகின்றன. மொத்தம் 35 அத்தியாயங்கள்! மீன்பிடி, வரி, உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று எதையும் விடுவதில்லை. நீதித்துறையையும் அடிப்படை உரிமைகளையும் பற்றிய 23ஆம் அத்தியாயத்தை ஆரம்பத்திலேயே திறப்பார்கள், கடைசியில்தான் மூடுவார்கள். ஆண்டுதோறும் வரும் மதிப்பீட்டு அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள். இவ்வளவு வெளிப்படையான தேர்வைப் பார்க்கவே உற்சாகமாக இருக்கிறது!

தெருவைக் கடந்தால் யூரோப்பா கட்டடம். தலைவர்கள் கூடுவது இங்கே. அத்தியாயத்தைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் போச்சு.

2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனோடு பேச்சுவார்த்தை தொடங்கலாமா என்ற கேள்வி வந்தது. அன்றைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சற்று வெளியே போகலாமே என்று ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் யோசனை சொன்னார். ஓர்பான் எழுந்து போனார். அறையில் மறுப்பவர் யாரும் இல்லாததால் மீதி 26 பேரும் முடிவெடுத்துவிட்டார்கள்! மனம் இருந்தால் எத்தனை வேகம் வரும் என்பதற்கு உக்ரைனே சாட்சி. 2022 பிப்ரவரி 28இல் விண்ணப்பம், ஜூன் 23இல் வேட்பாளர் தகுதி. போர்க்களத்தில் நின்ற நாட்டுக்கு அது கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் 2016 பிப்ரவரியில் விண்ணப்பித்த போஸ்னியா அதே தகுதிக்கு 2022 டிசம்பர் வரை காத்திருந்தது.

2005 அக்டோபர் 3இல் குரோஷியாவுக்கும் துருக்கிக்கும் ஒரே நாளில் பேச்சுவார்த்தை தொடங்கியது. குரோஷியா 2013இல் உறுப்பினர். துருக்கி இன்றுவரை தற்காலிகமாக மூடியது அறிவியல், ஆராய்ச்சி பற்றிய ஒரே ஓர் அத்தியாயம்! துருக்கியிடம் உண்மையான குறைகள் உண்டு. சைப்ரஸ் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறக்கவில்லை. பத்திரிகையாளர்களைச் சிறையில் அடைத்தது. இவற்றைக் கேட்பது நியாயம்தான்.

ஆனால் பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே, 2002இல், பிரான்ஸின் முன்னாள் அதிபர் ழிஸ்கார் தெஸ்தாங், துருக்கி ஐரோப்பிய நாடல்ல, அது சேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒன்றியத்தின் எதிர்கால அரசியல் சாசனத்தை எழுதும் மாநாட்டுக்கு அப்போது அவர்தான் தலைவர்! நீதிமன்றத்தைத் திருத்து என்றால் திருத்தலாம். வரியை மாற்று என்றால் மாற்றலாம். நீ பிறந்த இடம் சரியில்லை, உன் பண்பாடு வேறு என்றால் ஒரு தேசம் என்ன செய்ய முடியும்? இன, மதப் பாகுபாடு நுழையும் இடம் இதுதான். 35 அத்தியாயங்களில் எதிலும் அந்தக் கேள்வி கிடையாது. தலைவர்களின் மேஜையில் மட்டும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இடைப்பட்ட படிகளுக்குப் பெரும்பான்மை வாக்கு போதும் என்ற யோசனை பிரஸ்ஸல்ஸிலேயே பேசப்படுகிறது. தடுக்கிற நாடு எந்த அத்தியாயத்தில் என்ன குறை என்று எழுத்தில் தர வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கலாம். அப்படி எழுத முடியாத காரணம் செல்லாது!

சோதனை கண்முன்னே நடக்கிறது. முஸ்லிம்களே பெரிய சமயப் பிரிவாக வாழும் அல்பேனியா 2024 அக்டோபரில் அத்தியாயங்களைத் திறக்கத் தொடங்கி, ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் அது சரியாகப் பதில் எழுதி முடிக்கிற நாளில், 27 பேரும் அந்த விடைத்தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.